லைக்கா எம் 240-க்குப் பழைய லென்ஸ்: எது மாட்டும், எது பொருந்தும்

மூன்று வருடத்துக்கு முன் ஒரு பழைய லைக்கா எம் 240 டிஜிட்டல் கேமரா வாங்கினேன். லென்ஸ் இல்லாத வெறும் உடம்பு வாங்கியதோடு கையில் இருந்த காசு முடிந்தது. அதற்குப் போட லைக்காவின் புது 50 எம்எம் (அது லென்ஸின் குவியத் தூரம்) லென்ஸ் விலையைக் கேட்டால் இன்னொரு கேமராவே வாங்கிவிடலாம் போல இருந்தது. சரி, பழைய லென்ஸ் பக்கம் போவோம் என்று இறங்கியதுதான், இதுவரை ஏழு லென்ஸ் கைக்கு வந்திருக்கின்றன. நான்கு தினமும் வேலை செய்கின்றன, இரண்டு கைமாறிவிட்டன, ஒன்று டிராயரில் கிடக்கிறது. அந்த டிராயர் லென்ஸைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

சிங்கப்பூரில் பழைய லென்ஸ் தேடுகிறவர்கள் பெரும்பாலும் கோல்மன் ஸ்ட்ரீட்டில் உள்ள பெனின்சுலா ஷாப்பிங் சென்டருக்குத்தான் போவார்கள். நானும் அங்கேதான் கண்ணாடி அலமாரிகளுக்கு முன்னால் பல சனிக்கிழமைகளைத் தொலைத்தேன். அங்கே என்னிடம் எல்லோரும் சொன்ன ஒரே வாக்கியம், "மாட்டும், மாட்டும்." மாட்டத்தான் செய்யும். ஆனால் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் லென்ஸ் மாட்டுவதும், அது ஃபோகஸ் ஆக வேண்டிய இடத்தில் ஃபோகஸ் ஆவதும் இரண்டு தனித்தனி விஷயம். இது எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது.

மிரர்லெஸ் கேமராவில் லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம், தெளிவாகத் தெரிந்தால் படமும் தெளிவாக வரும், அடாப்டர் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கவலையில்லை. ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதே கிடையாது. லென்ஸின் பின்பக்கம் ஒரு உலோக வளையம் இருக்கும். ஃபோகஸைத் திருகும்போது அது முன்னும் பின்னும் நகரும். கேமராவுக்குள் ஒரு சிறிய உருளை அதைத் தொட்டபடியே நகர்ந்து, வியூஃபைண்டரில் தெரியும் இரட்டை உருவத்தை ஒன்றாகச் சேர்க்கும். அதாவது லென்ஸ் எங்கே ஃபோகஸ் ஆகியிருக்கிறது என்று கேமராவுக்கு நேரடியாகத் தெரியாது, அந்த வளையம் சொல்வதை நம்புகிறது. அறுபது வருடத்தில் யாராவது அந்த லென்ஸைக் கழற்றி, துடைத்து, ஒரு மெல்லிய வளையத்தை மறந்துவிட்டுத் திரும்ப மாட்டியிருந்தால், வளையம் பொய் சொல்லும். ஃபிலிமில் அந்தப் பொய் ஓரளவு மறைந்துவிடும். 24 மெகாபிக்சலில், திரையில் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்க்கும் நம் கெட்ட பழக்கத்தில், மறையாது.

இந்த இடத்தில் எம் 240-ஐப் பாராட்டியே ஆக வேண்டும். லைக்காவின் எம் வரிசையில் லைவ் வியூ (லென்ஸ் வழியே சென்சார் பார்ப்பதைப் பின் திரையில் காட்டுவது) வந்த முதல் தலைமுறை இது, 2012-இல் அறிவித்தார்கள். இதற்கு முந்தைய மாடலான எம் 9 வைத்திருந்த நண்பர் ஒருவர் ஒவ்வொரு லென்ஸையும் படம் எடுத்து, பார்த்து, யூகித்து, மறுபடி எடுத்துச் சோதிப்பார். நான் முக்காலியில் வைத்து, ரேஞ்ச்ஃபைண்டரில் ஃபோகஸ் பண்ணி, லைவ் வியூவைப் பெரிதாக்கி, அது உண்மையா என்று அரை நிமிடத்தில் பார்த்துவிடுகிறேன். பழைய லென்ஸ் ஆசை இருப்பவர்கள் எம் 9-இன் சிசிடி (பழைய வகை சென்சார்) தரும் நிறம் பற்றிய கதைகளை எல்லாம் கேட்டுவிட்டு, அப்புறம் பேசாமல் 240 வாங்குங்கள்.

மாட்டுவது எப்படி என்பது சின்னக் கதை. 1954-இல் எம் 3 வரும்வரை லைக்கா லென்ஸ்கள் திருகு வகை, 39 எம்எம் விட்டம். அந்த வகையில் லென்ஸ் உட்காரும் இடத்துக்கும் ஃபிலிமுக்கும் 28.8 எம்எம் தூரம். எம் வகையில் அதை 27.8 ஆக்கினார்கள். இடையில் சரியாக ஒரு எம்எம். அந்த இடைவெளியில் ஒரு வளையத்தை வைத்தால் 1930-களின் லென்ஸ் இன்றைய கேமராவில் உட்கார்ந்துவிடும். யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். கேனான், நிக்கான், சோவியத் தொழிற்சாலைகள் எல்லாம் அதே 39 எம்எம் திருகு வகையில் செய்து தள்ளியதால், நமக்குத் தேர்வுக்குப் பஞ்சமில்லை.

அந்த ஒரு எம்எம் வளையத்தில்தான் என் முதல் தப்பு. 20 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஒன்று வாங்கினேன். அடாப்டர் என்பது இந்த வளையம்தான், மூன்று விதமாக வரும்: 28/90, 35/135, 50/75. லென்ஸ் மாட்டியதும் வியூஃபைண்டரில் எந்தச் சட்டம் (படத்தின் எல்லையைக் காட்டும் கோடு) எரிய வேண்டும் என்பதை அந்த வளையத்தின் வடிவம் தீர்மானிக்கிறது. ஃபிலிம் கேமராக்களில் முன்னால் ஒரு சிறு நெம்புகோல் இருக்கும், தப்பான சட்டம் வந்தால் அதைத் தள்ளிப் பிடித்துச் சமாளிக்கலாம். எம் 240-இல் அதை எடுத்துவிட்டார்கள் (எம்-பி என்ற அண்ணன் மாடலில் திரும்பக் கொடுத்தார்கள்). ஆகவே 35 லென்ஸுக்கு 50 அடாப்டர் போட்டால் 50-இன் சட்டத்தோடு குடும்பம் நடத்த வேண்டியதுதான். அடாப்டரின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது தடிமன். என்னுடைய மலிவு வளையத்தில் 50 எம்எம் லென்ஸ்கள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன, 35 மட்டும் இரண்டு மீட்டரில் ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் பின்னால் போய் நின்றது. லென்ஸைத்தான் சந்தேகப்பட்டேன். பட்டறையில் வேலை செய்யும் நண்பன் மைக்ரோமீட்டரில் அளந்து 0.94 எம்எம் என்று சொன்ன பிறகுதான் விளங்கியது. 50 லென்ஸில் கண்ணாடியும் பின் வளையமும் சேர்ந்தே ஒரே அளவு நகர்வதால், அடாப்டர் மெலிந்தாலும் இரண்டும் ஒன்றாகவே பின்னால் போகும், பிழை தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும், தூர அளவுகோல் மட்டும் கொஞ்சம் தள்ளிக் காட்டும். 35-இல் கண்ணாடி நகர்வதைவிட வளையம் இரண்டு மடங்குக்கு மேல் நகர வேண்டும். அதனால் கணக்கு உதைக்கிறது. 50 எம்எம்மில் சோதித்து "அடாப்டர் அருமை" என்று எழுதுகிறவர்களை நம்பாதீர்கள் என்பதற்காகத்தான் இவ்வளவு விளக்கம்.

இனி லென்ஸ்கள். முதலில் வாங்கியது ஜூபிட்டர் 8, 50 எம்எம் எஃப் 2 (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை பெரிது), 80 வெள்ளி. எண்ணில் முதல் இரண்டு இலக்கம் 62, சோவியத் லென்ஸ்களில் அது பெரும்பாலும் தயாரித்த வருடம். இது 1930-களில் லுட்விக் பெர்டெலே ஸைஸ் கம்பெனியின் கான்டாக்ஸ் கேமராவுக்காக வடிவமைத்த ஸோனார் என்ற லென்ஸின் வாரிசு. போருக்குப் பிறகு ஸைஸின் இயந்திரங்களும் நுட்பமும் சோவியத்துக்குப் போக, க்ராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் ஜூபிட்டர் ஆனது. எஃப் 2-இல் வைத்து என் அம்மாவை ஜன்னலோரம் எடுத்தேன். காதுத்தோடு கத்தி மாதிரி ஷார்ப், கண் பஞ்சு மாதிரி. பத்துப் படத்திலும் அப்படியே.

காரணம், லைக்காவின் ரேஞ்ச்ஃபைண்டர் "50 எம்எம்" என்று எண்ணுவது உண்மையில் 51.6 எம்எம் லென்ஸை. கான்டாக்ஸின் கணக்கு 52.4. ஜூபிட்டர் அந்தப் பரம்பரை. தூரத்தில் சரியாக இருக்கும், கிட்டே வர வர விலகும், ஒரு மீட்டரில் சுமார் மூன்று சென்டிமீட்டர் பின்னால். முகம் கொஞ்சம் திரும்பியிருந்தால் ஃபோகஸ் கண்ணை விட்டுக் காதுப் பக்கம் போக அது போதும்! கடையில் கொடுத்துத் திருத்த லென்ஸ் விலையைவிட அதிகம் கேட்பார்கள் என்பதால் நானே இறங்கினேன். ஜூபிட்டர் 8-இல் பக்கத்துத் திருகைத் தளர்த்தினால் கண்ணாடித் தொகுதி முழுதாகக் கழன்று வரும், அதன் கழுத்தில் ஒரு மெல்லிய வளையம் இருக்கும். குளிர்பான கேனின் பக்கத் தகடு ஏறக்குறைய 0.1 எம்எம். அதில் ஒரு வளையம் வெட்டிக் கூடுதலாகப் போட்டேன். இப்போது ஒரு மீட்டரில் கண் கண்ணாக இருக்கிறது. பதிலுக்கு, எஃப் 2-இல் தூரத்துக் கட்டடம் லேசாகக் குழையும், எஃப் 5.6-க்கு மூடினால் சரியாகிவிடும். ஆள் படத்துக்கென்றே வைத்திருக்கிறேன் என்பதால் இந்தப் பேரம் எனக்கு ஓகே. கழற்றிப் பார்க்கக் கை நடுங்குகிறவர்கள் சோவியத் பக்கமே போகாதீர்கள். "இது லைக்காவுக்கென்று சரிசெய்தது" என்று யாராவது விற்றால், எந்தத் தூரத்தில், எந்த அப்பெர்ச்சரில் (எந்த எஃப் எண்ணில்) என்று கேளுங்கள், பதில் வந்தால் வாங்குங்கள்.

இப்போது அந்த டிராயர் லென்ஸ். கேனான் 50 எஃப் 1.8. ஜப்பானிலிருந்து ஒரு ஆன்லைன் விற்பனையாளரிடம் வாங்கினேன், புதுசு போல, ஹேஸ் (கண்ணாடியில் மூட்டம்) இல்லை, பூஞ்சை இல்லை என்று எழுதியிருந்தார். வந்ததும் முன்னால் பின்னால் பார்த்தேன், பளிங்கு. ஒரு வாரம் கழித்து வெளிச்சத்துக்கு எதிரே எடுத்த படமெல்லாம் பால் ஊற்றிய மாதிரி வந்தபோதுதான் போன் டார்ச்சைப் பின்னால் பிடித்துச் சாய்த்துப் பார்த்தேன். அப்பெர்ச்சர் இதழ்களுக்குப் பின்னால் உள்ள கண்ணாடியில் வெள்ளைப் படலம். இந்த மாடலுக்கு இது பரம்பரை வியாதி. உள்ளே போட்ட மசகு ஆவியாகி அந்தக் கண்ணாடியில் படிந்து, பல வருடம் இருந்தால் கண்ணாடியையே அரித்துவிடும். பழுது பார்க்கும் அங்கிள் ஒருவர் திறந்து துடைத்துப் பார்த்துவிட்டு, "ஹேஸ் போச்சு, கண்ணாடியும் போச்சு" என்றார். துடைத்த கூலி தனி. திருப்பி அனுப்பும் கெடுவும் முடிந்திருந்தது.

அதனால் எந்தப் பழைய லென்ஸையும் டார்ச் இல்லாமல் வாங்காதீர்கள். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, வெளிச்சத்தைப் பின்னாலிருந்து, சாய்வாக விட வேண்டும், அப்பெர்ச்சரை முழுக்கத் திறந்து ஒருமுறை, பாதி மூடி ஒருமுறை. சிலந்தி வலை போல இருந்தால் பூஞ்சை. பனிமூட்டம் போல இருந்தால் ஹேஸ். ஓரத்தில் எண்ணெய் மிதந்த தண்ணீர் போல வானவில் தெரிந்தால் இரண்டு கண்ணாடியை ஒட்டிய பசை விட்டுப்போகிறது, அதைத் தொடவே வேண்டாம். தூசி இருந்தால் இருக்கட்டும், படத்தில் தெரியாது. இதழ்களில் எண்ணெய் இருந்தால் விலையைக் குறைக்கப் பேசலாம், ஆனால் வேலைக்கு அது தடையில்லை, ஏனென்றால் இந்த லென்ஸ்களில் அப்பெர்ச்சரை நாம்தான் கையால் திருப்புகிறோம், படம் எடுக்கும் நொடியில் அது சட்டென்று மூட வேண்டிய அவசியம் இல்லை. அந்த எண்ணெய் நாளைக்கு ஹேஸ் ஆகும் என்பதுதான் பயம்.

அந்தக் கோபத்தில் அடுத்து வாங்கியதுதான் கேனான் 50 எஃப் 1.4. 620 வெள்ளி, கடையிலேயே டார்ச் அடித்து, என் கேமராவில் மாட்டி, லைவ் வியூவில் சோதித்து வாங்கினேன். ஒரே ஒரு பழைய லென்ஸ்தான் வாங்குவேன் என்கிறவருக்கு என் பதில் இது. 1950-களின் கடைசியில் வந்த வடிவம். ஸோனார் வகைகளில், சரியாக ஃபோகஸ் பண்ணிவிட்டு எஃப் 1.5-இலிருந்து 4-க்கு மூடினால் ஃபோகஸே நகர்ந்துவிடும், ரேஞ்ச்ஃபைண்டரில் அது கண்ணுக்குத் தெரியாது. இது வேறு குடும்பம், அந்தத் தொல்லையை நான் இதில் பார்க்கவில்லை. எஃப் 1.4-இல் லேசான மென்மை, மேலே ஒரு பளபளப்பு, 2.8-க்கு வந்தால் இன்றைய லென்ஸ் போலக் கறாராகிவிடும். தைப்பூசத்துக்குச் சிராங்கூன் ரோடு ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை இரவு முழுக்க இந்த ஒரே லென்ஸோடு நடந்தேன். பால்குடம் தூக்கி வந்த ஒரு அம்மாவின் முகம், பின்னால் குழல் விளக்குகள், ஐஎஸ்ஓ 1600. எந்தப் புது லென்ஸும் எனக்கு இதைவிட நன்றாகத் தந்துவிடாது என்று தோன்றியது. குறை என்றால், ஒரு மீட்டருக்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது. கேமரா 0.7 மீட்டர் வரை அனுமதிக்கும், லென்ஸ் அனுமதிக்காது. சாப்பாட்டு மேசையில் எதிரே இருப்பவரை எடுக்க நாற்காலியைப் பின்னால் தள்ள வேண்டும். அப்புறம் ஃபில்டர் அளவு 48 எம்எம், சாதாரணக் கடையில் கேட்டால் விழிப்பார்கள்.

35-க்கு கேனான் 35 எஃப் 2, 1960-களின் ஆரம்பத்தது. உள்ளங்கையில் மறைந்துவிடும், வியூஃபைண்டரை மறைக்காது, எஃப் 4-இல் மூலை வரை நன்றாக இருக்கிறது. இதற்கு முன்னால் கண்ணாடிக் கொம்பு வைத்த லைக்கா சம்மரான் 35 ஒன்றை ஒரு மாதம் வைத்திருந்தேன். எம் 3-இல் 35-க்குச் சட்டம் இல்லாததால், வியூஃபைண்டருக்கு முன்னால் மூக்குக்கண்ணாடி போலத் தொங்கும்படி செய்த லென்ஸ் அது. கொம்பு இல்லாத சம்மரானைவிட விலை குறைவு, டிஜிட்டலிலும் வேலை செய்யும். ஆனால் அந்தக் கூடுதல் கண்ணாடியிலும் மூட்டம் பிடித்திருந்தால் உலகமே மார்கழிக் காலை மாதிரிதான் தெரியும். கொம்பைக் கழற்றிவிட்டு விற்கிற லென்ஸ்களும் உண்டு, மலிவாக இருக்கும். ரேஞ்ச்ஃபைண்டர் கணக்கு அந்தக் கொம்போடு சேர்த்துப் போட்டது. கழற்றியதும் ஃபோகஸ் தப்பும். தொடாதீர்கள்.

எல்மார் 50 எஃப் 3.5, லைக்காவின் லென்ஸ் வடிவமைப்பாளர் மாக்ஸ் பெரெக்கின் வடிவம். குழாய் உள்ளே மடங்கும் லென்ஸ். சட்டைப்பைக்குள் போகிற லைக்கா என்ற ஆசைக்கு இதுதான் காரணம், ஆனால் டிஜிட்டலில் மடக்கக் கூடாது. லைக்காவே தன் டிஜிட்டல் எம் கையேட்டில் மடங்கும் லென்ஸ்களை நீட்டிய நிலையில் மட்டும் பயன்படுத்தச் சொல்கிறது, உள்ளே இடித்துவிடும் என்ற பயம். குழாயைச் சுற்றி ஒரு பட்டை ஒட்டிவிட்டேன், மறந்து அழுத்தினாலும் உள்ளே போகாது. என்னுடையதில் அப்பெர்ச்சர் எண்கள் 3.5, 4.5, 6.3, 9, 12.5, 18 என்று பழைய முறையில் ஓடும், ஊசி நுனி அளவுக்கு ஒரு நெம்பைக் கண்ணாடிக்கு முன்னால் நகத்தால் தள்ள வேண்டும், ஃபோகஸ் பண்ணும்போது முன்பகுதி மொத்தமும் சுழல்வதால் அந்த நெம்பு எங்கே போனது என்று ஒவ்வொரு முறையும் தேட வேண்டும். இவ்வளவுக்கும் அது தரும் படம் எனக்குப் பிடிக்கும். கறுப்பு வெள்ளையில் சாம்பல் நிறம் அவ்வளவு அடுக்கடுக்காக வரும். ஆனால் நாய் வளர்க்கிற மாதிரி, அதற்கென்று நேரம் ஒதுக்க வேண்டும்.

எல்மார் 90 எஃப் 4-ஐ விற்றுவிட்டேன். லென்ஸில் ஒரு குறையும் இல்லை. 0.68 மடங்கு வியூஃபைண்டரில் 90-இன் சட்டம் தபால்தலை அளவுக்குத்தான் தெரியும், என் கண்ணுக்கு வயதாகிறது.

வாங்காமல் விட்டவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. லைக்கா தன் லென்ஸ்களிலேயே சிலவற்றை எம் 8, எம் 9 கையேடுகளில் ஒதுக்கி வைத்திருக்கிறது: ஹோலோகான் 15 எஃப் 8, கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் வசதியுள்ள சம்மிக்ரான் 50, 1954 முதல் 1968 வரை வந்த மடங்கும் எல்மார் 90 எஃப் 4. கனடாவில் செய்த பழைய சம்மிலக்ஸ் 35-களில் சில உட்காராது, அல்லது முடிவிலிக்கு (வெகுதூரத்துக்கு) ஃபோகஸ் ஆகாது. இரண்டு சூப்பர் ஆங்குலான் 21-களும், எண் 2314921-க்கு முந்தைய எல்மாரிட் 28-ம் மாட்டும், ஆனால் அந்தக் கேமராக்களில் ஒளி அளவிட முடியாது, அவற்றின் பின் கண்ணாடி உள்ளே வெகுதூரம் நீட்டிக்கொண்டு மீட்டர் பார்க்க வேண்டிய வழியை மறைக்கிறது. அந்த நீட்டலுக்கு இன்னொரு தண்டனையும் உண்டு. ஓரத்துக்கு வரும் ஒளி மிகவும் சாய்வாக சென்சாரில் விழும், ஃபிலிம் அதைப் பொருட்படுத்தாது, சென்சார் ஓரங்களில் ரோஸ் நிறம் பூசிவிடும். சோவியத் ஜூபிட்டர் 12-உம் இதே உடலமைப்புதான், 35-க்கு மலிவு என்பதால் பலர் சிபாரிசு செய்கிறார்கள், அந்தப் பின் கண்ணாடியை ஷட்டர் பக்கம் விட எனக்குத் தைரியம் வரவில்லை. பழைய அகலக் கோண லென்ஸ்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பவர்கள் கறுப்பு வெள்ளையில் எடுங்கள், அல்லது அந்தக் காசுக்கு இன்றைய ஃபோக்ட்லாண்டர் கம்பெனி லென்ஸ் ஒன்றைப் பாருங்கள். கேமரா மெனுவில் அதற்கு நெருக்கமான லைக்கா லென்ஸ் பெயரைத் தேர்ந்தெடுத்தால் ஓர நிறம் கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது.

எம் 8 வைத்திருப்பவர்களுக்கு மட்டும்: உங்கள் சென்சார் சிறியது, அதில் 35 என்பது ஏறக்குறைய 47 ஆகிவிடும், அது நல்லதுதான், ஆனால் கறுப்புத் துணி ஊதாவாக வராமல் இருக்க அகச்சிவப்புத் தடுப்பு ஃபில்டர் வேண்டும். கேனான் 35-க்கு அது 40 எம்எம், எல்மாருக்கோ திருகு கிடையாது, 36 எம்எம்மில் கவ்விப் பிடிக்கிற வகை. லென்ஸ் வாங்குவதற்கு முன் அந்த ஃபில்டர் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

இந்த ஊர் ஈரத்துக்கு உலர் பெட்டி இல்லாமல் இவற்றை வைத்திருப்பது வீண். 45 சதவீதத்தில் வைத்திருக்கிறேன். அந்த டிராயர் கேனானை மட்டும் உள்ளே வைக்கவில்லை, அதற்கு இனி என்ன வரப்போகிறது.

போன வாரம் பெனின்சுலாவில் ஒரு நிக்கோர் 5 செமீ எஃப் 1.4 பார்த்தேன். அதுவும் ஸோனார் குடும்பம்தான், ஃபோகஸ் நகரும் தொல்லை இருக்கும், தெரியும். ஆனால் ரேஞ்ச்ஃபைண்டர் விட்டுவிடும் இடத்தையும் தாண்டி ஒன்றரை அடி வரை திருகிக்கொண்டே போகலாம், அங்கே என் லைவ் வியூ பார்த்துக்கொள்ளும். மேசைக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவரை நாற்காலியை நகர்த்தாமல் எடுக்கலாம். கடைக்காரர் "மாட்டும்" என்றார். சனிக்கிழமை டார்ச்சோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.